ஒரே கத்திரி

‘இன் தி மூட் ஃபார் லவ்’ பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் மேகி சியூங்கின் சியோங்சாம் என்னும் சீன உடைகளில்தான் ஆரம்பிப்பார்கள். வில்லியம் சாங்கின் கைவேலையைப் புரிந்துகொள்ள அதே படத்தில் வரும் ஒரு டை போதும் என்பது என் கட்சி. அதைக் கட்டியிருப்பவர் கதாநாயகன்கூட இல்லை. மேகி நடிக்கும் திருமதி சான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியின் முதலாளி ஹோ; மனைவிக்கு ஒரு மாலை, காதலிக்கு ஒரு மாலை என்று பொழுதைப் பங்கு போட்டு வாழ்கிறவர். ஒருநாள் புது டையோடு நிற்கிறார். யார் கண்ணிலும் படாது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. அவள் பார்த்துவிடுகிறாள், சொல்லியும் விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் பழைய டைக்கு மாறிக்கொள்கிறார். புதியது எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. இதே சங்கதி பிறகு அவள் வீட்டுக்கே வந்துசேர்கிறது. அவள் கணவனிடம் இருக்கும் டையைப் போலவே ஒன்று பக்கத்து வீட்டு சௌவின் கழுத்தில். சௌவின் மனைவி வைத்திருக்கும் கைப்பையைப் போலவே ஒன்று இவள் கையில். இரண்டும் வெளியூரில் வாங்கியவை, உள்ளூர்க் கடையில் கிடைக்காதவை. இரண்டு குடும்பங்கள் உடைந்துபோன செய்தி கடிதமாகவோ கண்ணீராகவோ வராமல் ஒரு டையாகவும் ஒரு கைப்பையாகவும் வருகிறது. துரோகம் செய்த இருவரின் முகங்களைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. அவர்கள் வாங்கிவந்த பொருள்களைக் காட்டிவிட்ட பிறகு முகம் எதற்கு?

இந்த டையைத் தேர்ந்தெடுத்தவரும், அது தெரிகிற அலுவலக அறையின் சுவருக்கு வண்ணம் முடிவுசெய்தவரும், அந்தக் காட்சி எத்தனை நொடி நீள வேண்டும் என்று வெட்டியவரும் ஒருவரே. உலக சினிமாவில் ஆடையையும் அரங்கத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. ஃபெலினிக்கு பியரோ கெரார்டியும் டனிலோ டொனாட்டியும் அப்படிக் கிடைத்தார்கள். மூன்றாவதாக எடிட்டிங் மேசையிலும் போய் உட்கார்ந்தவர் என்று தேடினால் வில்லியம் சாங்குக்குப் பக்கத்தில் நிறுத்த எனக்கு ஆள் கிடைக்கவில்லை. 1981இல் பாட்ரிக் டாமின் ‘லவ் மஸக்கர்’, அடுத்த ஆண்டு அவருடைய ‘நோமட்’ என்று கலை இயக்குநராகத் தொடங்கியவர், 1988இல் வோங் கர்-வாய் முதல் படம் எடுத்ததிலிருந்து அவருடைய படங்கள் எல்லாவற்றுக்கும் கண்ணாக இருந்தவர். இப்படிச் சொன்னதும் “பல துறை வல்லவர்” என்று ஒரு பட்டம் கொடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டம்தான் இடிக்கிறது. மூன்று வேலைகளை ஒருவர் செய்தார் என்பதல்ல விஷயம். அவர் கையில் அவை மூன்றும் ஒரே வேலையாகிவிட்டன. துணியை வெட்டிய கத்திரியும் ஃபிலிமை வெட்டிய கத்திரியும் ஒன்றுதான்.

திருமதி சான் நூடுல்ஸ் வாங்கப் போகும் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். கையில் தூக்கு, இறங்கிப் போகும் கல்படி, மங்கலான ஒரு தெருவிளக்கு, இசையமைப்பாளர் உமேபயாஷியின் வயலின். நடை மெதுவாக்கப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் இசையிலும் இடுப்பிலும் கரைந்துபோவது இயல்புதான். ஆனால் துணியைப் பாருங்கள். இறங்கும்போது ஒரு சியோங்சாம், மறுபடி அதே படியில் வரும்போது இன்னொன்று. படி அதே படி, தூக்கு அதே தூக்கு, இசையும் அதே இசை. நாள் மட்டும் மாறிவிட்டது. மாறியது என்று சொல்ல நாள்காட்டித் தாள் கிழியவில்லை, ‘சில வாரங்கள் கழித்து’ என்று எழுத்து ஓடவில்லை. ஒரு பூப்போட்ட துணி போய்க் கோடுபோட்ட துணி வருகிறது, அவ்வளவுதான். அலுவலகத்தில் சீமென்ஸ் என்று பெயர் பொறித்த ஒரு பெரிய கடிகாரம் தொங்குகிறது. கேமரா அடிக்கடி அதை அண்ணாந்து பார்க்கவும் செய்கிறது. இருந்தும் இந்தப் படத்தில் மணி பார்க்க அந்தக் கடிகாரம் உதவாது. சியோங்சாம்தான் கடிகாரம். அவளும் சௌவும் எத்தனை மாலைகள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், எத்தனை நாள் சேர்ந்து எழுதினார்கள், எவ்வளவு காலம் ஒன்றும் நடக்காமல் கழிந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மற்ற படங்களில் கன்டினியூட்டி என்பது தப்பு நேராமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலை: போன ஷாட்டில் மடித்திருந்த சட்டைக்கை இந்த ஷாட்டிலும் மடித்திருக்கிறதா என்று சரிபார்ப்பது. சாங் அந்தக் காவலைத் தலைகீழாக்கி மொழியாக்கிவிட்டார். ஒரே உரையாடல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது ஆடை மாறினால், நடுவே ஒரு நாள் நழுவிவிட்டது என்று பொருள். ஆடையைத் தைக்கக் கொடுத்தவரே வெட்டும் மேசையிலும் இருந்தால் ஒழிய இது நடக்காது. வேறொரு எடிட்டரின் கையில் அது கன்டினியூட்டிப் பிழையாகத் தோன்றிக் குப்பைக்குப் போயிருக்கும்.

இங்கே ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயிலின் ரசிகர்கள் குறுக்கே வருவார்கள். இந்தப் படங்களின் அழகு கேமராவின் அழகு. சுவரும் துணியும் விளக்கு விழுவதற்கான இடங்கள் மட்டுமே என்பது அவர்கள் வாதம். டாயிலின் கையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ஸின் ஓட்டத்தில் பெரும்பங்கு அவர் தோளிலிருந்து வந்தது. ஆனால் ‘இன் தி மூட் ஃபார் லவ்’ அந்த வாதத்துக்கே எதிர்சாட்சி சொல்கிறது. படப்பிடிப்பு ஒரு வருடத்தையும் தாண்டி இழுத்தபோது டாயில் நடுவில் விலகினார். மீதியை எடுத்தவர் தைவானின் மார்க் லீ பிங்-பின். இரண்டு பேருடைய சுபாவமும் எதிரெதிர். ஹௌ சியாவ்-சியென் படங்களின் பொறுமையிலிருந்து வந்தவர் லீ. டாயிலோ ஓரிடத்தில் நிற்காதவர். அது மட்டுமா, 1962இன் ஹாங்காங் என்று நாம் நம்பும் தெருக்களில் பெரும்பகுதி பாங்காக்கில் எடுத்தவை. ஒளிப்பதிவாளர் மாறினார், ஊர் மாறியது, நாடே மாறியது. ஒருவர் விட்ட இடத்தையும் மற்றவர் தொட்ட இடத்தையும் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் டாயில் பக்தர்களும் திணறுவார்கள். அப்படியென்றால் படத்தை ஒரே படமாகப் பிடித்துவைத்திருந்தது எது? மாறாமல் இருந்த சுவர், திரைச்சீலை, விளக்குமூடி, காலர். 2000ஆம் ஆண்டு கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான விருதை டாயில், லீ, சாங் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நடுவர் குழுவுக்கு இருந்த தெளிவு நம் விமர்சகர்கள் பலருக்கு இன்னும் வரவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாறாமல் இருந்தது சாங் மட்டுமா, வோங் கர்-வாயும்தானே? நியாயம். இயக்குநரின் இடத்தைப் பிடுங்கிச் சாங்குக்குக் கொடுப்பது என் நோக்கமல்ல. ஆனால் வோங் எப்படிப் படம் எடுப்பவர் என்பது ஊரறிந்தது: முடித்து வைத்த திரைக்கதை கிடையாது, எடுக்க எடுக்க எழுதுவார், எழுதியதை எடுத்துவிட்டுப் பிறகு தூக்கி எறிவார். காகிதத்தில் கதை இல்லாத இடத்தில் கதையின் வரிசை வேறு எதிலாவது பதிந்திருக்க வேண்டும். ஒரு காட்சி முதல் மாதத்தில் வருமா கடைசி மாதத்தில் வருமா என்று தெரியாமலே எடுக்கிறார்கள் என்றால், அதில் நடிகை உடுத்தியிருக்கும் துணிதான் அந்தக் காட்சியின் அடையாள அட்டை. பின்னால் மேசையில் உட்கார்ந்து எதற்குப் பின் எது என்று அடுக்குகிறவருக்கு அந்த அட்டைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். எழுதியவரே படித்தால் இன்னும் நல்லது. வோங்குக்கு அந்தச் சுதந்திரம் வாய்த்ததே, எந்த வரிசையில் போட்டாலும் உள்ளே ஒரு கணக்கை வைத்துத் தரும் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான். இயக்குநரின் பெருமையை இது குறைக்கவில்லை. அவர் யாரை நம்பிக் காகிதத்தைக் கீழே வைத்தார் என்று மட்டும் சொல்கிறது.

அந்தக் காலரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்து சியோங்சாம்களின் காலரைவிடச் சாங் வைத்தது உயரம் கூடியது. தாடைக்கு அடியில் வந்து முட்டி நிற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தலையைக் குனிய முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. திரும்ப வேண்டுமானால் உடம்பே திரும்ப வேண்டும். சேலைக்குப் பழகிய கண்ணுக்கு இது விநோதம். சேலை உடுத்துகிறவர் கையில் உருவாவது. கொசுவத்தைக் கூட்டலாம், முந்தானையை இழுத்துவிடலாம், இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு இறங்கலாம். சியோங்சாமில் அந்தப் பேரமே கிடையாது. தையல்காரரின் அளவு நாடா என்ன சொன்னதோ அதுதான். உடம்புதான் துணிக்கு இணங்கிப் போக வேண்டும். இப்போது அந்தக் கழுத்திலிருந்து கண்ணை எடுத்து நடைபாதையைப் பாருங்கள். வாடகைக்கு அறை விட்ட ஷாங்காய்க் குடும்பங்களின் வீட்டுக்குள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். உடைக்கும் வீட்டுக்கும் ஒரே அளவு. காலர் கழுத்துக்குச் செய்வதை நடைபாதை மனிதர்களுக்குச் செய்கிறது: நிமிர்ந்து நில், இடிக்காதே, மரியாதையாகக் கடந்து போ. பக்கத்து வீட்டார் மாஜோங் ஆட்டத்தை முடிக்கும்வரை வெளியே வரப் பயந்து திருமதி சான் சௌவின் அறையில் அடைந்து கிடக்கும் இரவில் இந்த இரண்டு இறுக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆடை ஒருவர், அரங்கம் ஒருவர் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் நல்ல உடையும் நல்ல வீடும் தனித்தனியாகக் கிடைத்திருக்கும். ஒன்று இன்னொன்றின் நீட்சியாக ஆகியிருக்காது.

இந்த வாதத்தைச் சாங்கும் வோங்கும் படமாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள். 2004இல் அன்டோனியோனி, சோடர்பர்க் படங்களோடு சேர்ந்து ‘ஈரோஸ்’ தொகுப்பில் வந்த ‘தி ஹாண்ட்’. அதில் நடிகர் சாங் சென் தையல்கடைப் பயிலாள். கோங் லி அவன் துணி தைத்துக் கொடுக்கும் ஆடம்பரமான வாடிக்கையாளர், ஆண்களின் பணத்தில் வாழ்கிறவள். அவள் செல்வாக்கு ஏறுவதையும் சரிவதையும் அவன் அவளுடைய துணிகளின் வழியாகவே அறிகிறான். ஒரு காட்சியில் தைத்த சியோங்சாம் மேசைமீது கிடக்கிறது. அவன் கையை அதற்குள் நுழைத்து மெல்ல மேலே கொண்டுபோகிறான். உள்ளே ஆள் இல்லை, அளவு இருக்கிறது. தொடுவதற்கு அவனுக்குக் கிடைத்தது அந்த அளவுதான். ‘இன் தி மூட் ஃபார் லவ்’வுக்குக் கொட்டும் மையில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குறும்படத்துக்குக் கிடைப்பதில்லை. சாங்கின் கலைக்கொள்கை என்று ஒன்றை எழுதச் சொன்னால் இதைத்தான் நான் எடுத்து நீட்டுவேன். ஒருவரைப் பற்றி உடம்புக்குத் தெரிந்ததையெல்லாம் துணி எழுதி வைத்துக்கொள்கிறது. அவர் போன பிறகும் வைத்திருக்கிறது.

“எல்லாம் சரி, ஆனால் ரொம்ப அழகாக இருக்கிறதே” என்பது கடைசியாக வரும் குற்றச்சாட்டு. வாசனைத் திரவிய விளம்பரம் மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு சாதாரணச் செயலாளருக்கு இருபதுக்கும் மேற்பட்ட சியோங்சாம்கள் எங்கிருந்து வரும் என்பார்கள். முதலில், படமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. நூடுல்ஸ் வாங்கப் போவதற்கா இவ்வளவு அலங்காரம் என்று அந்த வீட்டுப் பெண்கள் வம்பு பேசுகிறார்கள். ஆகவே அந்த அலங்காரம் வடிவமைப்பாளர் மறந்துபோய்ச் செய்த மிகை அல்ல; அந்தப் பெண்ணின் குணம். வீட்டில் கணவன் இல்லை, போக இடம் இல்லை. கட்டிக்காக்க மிச்சமிருப்பது தன் தோற்றம் ஒன்றுதான். இரண்டாவது, அந்தத் துணிகள் தனியே எடுத்துப் பார்த்தால் எல்லாமே நளினமானவை அல்ல. பெரிய பெரிய பூக்கள், அடிக்கும் பச்சை, ஜன்னல் திரைக்குப் போட வேண்டியதை உடம்பில் போட்டது போன்ற அச்சுகள். அறுபதுகளின் நடுத்தர வர்க்கக் கடைவீதி ருசி அது. நளினம் வந்தது உடுத்தியவரின் முதுகிலிருந்தும், அந்த வண்ணத்தைப் பாதி விழுங்கும் இருட்டிலிருந்தும். விளம்பரம் பொருளை வெளிச்சத்தில் நிறுத்தும். சாங் அதைக் கதவு மறைவிலும் கண்ணாடியின் ஓரத்திலும் நிறுத்துகிறார்.

இந்த இடத்தில்தான் மற்ற ரசனைகளோடு எனக்குப் பிணக்கு. ‘தி கிராண்ட்மாஸ்டர்’ ஆடைகளுக்காகச் சாங் ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்ற ஆண்டு, விருதை வாங்கியவர் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் கேதரின் மார்ட்டின். அவரும் ஆடை, அரங்கம் இரண்டையும் பார்க்கிறவர்தான். அதே இரவில் இரண்டு துறைகளுக்கும் விருது வாங்கினார். பிராடாவும் புரூக்ஸ் பிரதர்ஸும் டிஃபனியும் கைகொடுத்த அந்தப் படத்தின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. எய்கோ இஷியோகாவின் ‘டிராகுலா’ ஆடைகளை ஒரு மேதை மட்டுமே கற்பனை செய்திருக்க முடியும். ஆனால் இந்த வகை ஆடைகள் நம்மைப் பார்த்து நிற்கின்றன; கைதட்டலுக்குக் காத்திருக்கின்றன. ‘தி கிராண்ட்மாஸ்டர்’ படத்தில் எனக்குப் பிடித்த ஆடையோ முழு ஆடைகூட இல்லை. வடக்கே பனிப்பிரதேசத்துக்குப் போகலாம் என்று குங்ஃபூ ஆசான் இப் மன் ஒரு கோட்டு தைத்து வைக்கிறார். போர் வருகிறது, பயணம் நடக்கவில்லை, கோட்டும் கைவிட்டுப் போகிறது. மிஞ்சியது ஒரு பொத்தான். வருடங்கள் கழித்து ஹாங்காங்கில் அதை அந்த வடக்கைச் சேர்ந்த கோங் எர்ரிடம் கொடுக்கிறார். பிறகு அவள் அதைத் திருப்பிக் கொடுக்கிறாள். போகாத ஊர், வாழாத வாழ்க்கை, சொல்லாத சொல் எல்லாம் அந்தப் பொத்தானுக்குள். ஒரு கோட்டைக் காட்டிப் பிரமிக்க வைக்கப் பலருக்குத் தெரியும். கோட்டை எடுத்துவிட்டுப் பொத்தானை மட்டும் வைக்கச் சாங்குக்குத் தெரிந்தது.

இந்தச் சிக்கனம் திடீரென்று வந்ததல்ல. ‘டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்’ படத்தின் கடைசி ஷாட்டில், அதுவரை படத்தில் தலைகாட்டாத டோனி லியூங் ஒரு தாழ்ந்த கூரை அறையில் நகத்தைத் தேய்க்கிறார், கோட்டு மாட்டுகிறார், பணம், சிகரெட், சீட்டுக்கட்டு ஒவ்வொன்றையும் அதற்கதற்குரிய பைக்குள் வைக்கிறார், தலை வாருகிறார், விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனிதன் உடுத்திக்கொள்வதே அவனுடைய வரலாறாகிவிடுகிறது. அறையின் உயரமே அவன் வருமானத்தைச் சொல்லிவிடுகிறது. ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ஸில் இன்னும் ஒருபடி மேலே போய், ஆர்ட் டைரக்ஷனையே கதையாக்கினார்கள். ஃபே வோங் திருட்டுத்தனமாகப் போலீஸ்காரனின் வீட்டுக்குள் புகுந்து துண்டை மாற்றுகிறாள், சோப்பை மாற்றுகிறாள், பொம்மையை மாற்றுகிறாள், டின்களின் லேபிளைக்கூட மாற்றிவிடுகிறாள். சொல்லப்போனால் ஒருவனுடைய வாழ்க்கைக்கு அவள் செட் போடுகிறாள். அவனோ சோப்பு இளைத்துவிட்டதென்று அதனிடம் பேசுகிறான். வீடு மாறிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைக்கவே நாளாகிறது.

இன்றைய காலகட்டப் படங்களையும் தொடர்களையும் பார்க்கும்போது அந்த மாற்றுகிற கை காணாமல்போய்விட்டது தெரிகிறது. துணிகளுக்கு வயதே ஆவதில்லை. எல்லாம் அன்று காலைதான் இஸ்திரிப் பெட்டியிலிருந்து இறங்கியவை. சுவரின் நிறமும் சேலையின் நிறமும் ‘பேலட்’ என்ற பெயரில் கைகோத்துக்கொள்கின்றன. எந்த இடத்தில் நிறுத்தினாலும் பகிர்ந்துகொள்ள ஒரு படம் கிடைக்கும். நிறுத்திப் பார்க்க அழகாக இருப்பவை ஓடவிட்டால் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அவற்றில் நேற்று கிடையாது. சாங்கின் படங்களைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டோம் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை. பச்சைச் சுவரையும் சிவப்புத் திரையையும் எடுத்துக்கொண்டார்கள், நாள் கணக்கை விட்டுவிட்டார்கள். நோய் மூலப்படங்களையே தொற்றியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த 4கே மீட்டெடுப்பில் ‘இன் தி மூட் ஃபார் லவ்’வின் வண்ணங்கள் பழைய பிரதிகளைவிடப் பச்சைக்குச் சாய்ந்திருக்கின்றன, ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ஸின் சட்டகமே அகலமாகிவிட்டது. இயக்குநரே பொறுப்பேற்றுச் செய்த மாற்றம் இது. தன் படத்தை மாற்ற அவருக்கு உரிமை இல்லை என்று யார் சொல்வது? ஆனால் துணிக்கும் துணிக்கும் உள்ள வேறுபாட்டையே நாள்காட்டியாக வைத்திருக்கும் படத்தில் எல்லாத் துணிமீதும் ஒரே சாயத்தை ஏற்றினால் நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் இயக்குநரைவிடப் பழைய பிரதியைத்தான் நம்புவேன்.

தரம் இறங்குவதற்குச் செய்கிறவர்களை மட்டும் நோவதிலும் பயனில்லை. வீடே மாறிக்கொண்டிருக்கும்போது சோப்போடு பேசிக்கொண்டிருக்கும் அந்தப் போலீஸ்காரனைப் போலத்தான் நாமும் பெரும்பாலும் படம் பார்க்கிறோம்; அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எது மாறியது என்று கேட்காமல் எழுந்து போகிறோம். சாங் தன் வேலையை ஒப்படைத்தது திருமதி சானின் கண்ணுக்கு. அலுவலகத்தில் அவ்வளவு வேலைக்கு நடுவே ஒரு டை புதியது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டதோ கண்டித்ததோ இல்லை. கவனித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். முதலாளி போய் டையை மாற்றிக்கொண்டு வந்தார்.